தெளிய வச்ச தண்ணி

படு. கால என் மேல போடாம ஒழுங்காப் படு. போர்வைய இழுத்துக்க. சாயங்காலத்துல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க, எனக்குத் தெரியாதா? நீ பாவாடை மடியில கொண்டாந்த தேத்தாங்கொட்டைய நான் பிடுங்கி வேலிக்கு அங்கிட்டு வீசிட்டேன், அதான கோவம். எல்லா வீட்டுலயும் அத ஒரசி கொடத்துல கலக்குறாங்க, கலங்கல் தண்ணி தெளிஞ்சுருது, நம்ம வீட்டுல மட்டும் ஏன் கூடாதுன்னு கேக்குற. அதுக்கு ஒரு கதை இருக்கு. நரி கதை சொல்றேன்னா வேணாங்குற. சரி, இதையே சொல்றேன். நடுவுல ம் கொட்டணும். கொட்டலன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கரை இருந்துச்சு. ராசா கெடையாது, ராணி கெடையாது, கரை மட்டுந்தான். ரெண்டு கரட்டு மலைக்கு நடுவுல ஒரு ஓடை ஓடும். அந்த ஓடைய மறிச்சு ஒரு முதலாளி தன்னோட தென்னந்தோப்புக்காக ஒரு அணை கட்டினாரு. கவர்மெண்டு அணை இல்ல, அவரோட சொந்த அணை. கல்லு வைக்கல, சிமெண்டு பூசல. மண்ணக் கொட்டி, தண்ணி தெளிச்சு, மாட்ட விட்டு மிதிக்க வச்சு, அதுக்கு மேல மறுபடியும் மண்ணக் கொட்டி, இப்படியே மூணு வருசம் கட்டுனாங்களாம். அந்தக் கரைக்குக் கீழ ஏழு வீடு. எல்லாம் தோப்புல வேல பாக்குறவங்க வீடு.

ம்? ஆங், அப்படிக் கொட்டு.

அப்புறம், அந்தக் கரைக்குக் காவல்னு ஒருத்தரு இருந்தாரு. கம்பு வச்சுக்கிட்டுத் திருடனப் பிடிக்கிற காவல் இல்ல, கரையப் பாத்துக்குற காவல். தெனம் வெள்ளன எந்திரிச்சு, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கரை மேல நடப்பாரு. எதுக்கு வெறுங்கால்னு கேட்டா, ஈரம் காலுக்குத்தாம்மா தெரியும், செருப்புக்கு என்ன தெரியும்பாரு. எலி வளை தோண்டியிருந்தா களிமண்ண உருட்டி உருட்டிப் போட்டு, தொம்மு தொம்முன்னு இடிச்சு அடைப்பாரு. செடி மொளைச்சிருந்தா வேரோட புடுங்குவாரு. அரசங்கன்னு மொளைச்சிருந்தா மட்டும் கன்னத்துல போட்டுக்குவாரு, அப்புறம் அதையும் புடுங்கிருவாரு.

அவருக்கு ரெண்டு பொண்ணு, பெரியவ, சின்னவ. ஆத்தா இல்லாத புள்ளைக. அவருதான் சோறு ஊட்டுவாரு. ஊட்டுறப்போ வேற எந்தக் கதையும் தெரியாது அந்த மனுசனுக்கு, மூணே மூணு சொல்லுதான் சொல்லுவாரு.

கரை மேல புல்லு இருக்கலாம், மரம் இருக்கக் கூடாது. மரம் பட்டுப் போனா வேரு மக்கிப் போயி, தண்ணி அந்த ஓட்டையில பூந்து வழி பண்ணிக்கும்.

கலுங்கு வாய அடைக்கக் கூடாது. கலுங்குன்னா என்னவா? அணை ரொம்புனா மிச்சத் தண்ணி வெளிய போறதுக்கு ஓரத்துல ஒரு வாசல் வச்சிருப்பாங்க, அதான். அத அடைச்சா தண்ணி கரையத் தாண்டப் பாக்கும்.

மூணாவது சொல்லு இது. கரைக்கு அடியில தண்ணி கசிஞ்சா பயந்துறாத, ஆனா தெனம் போய்ப் பாரு. தெளிஞ்சு வந்தா அது கரையோட வேர்வை. கலங்கி வந்தா அது கரையோட ரத்தம். உள்ளுக்குள்ள மண்ணு அரிக்குதுன்னு அர்த்தம்.

ரெண்டு புள்ளைகளும் சோத்தோட சேத்து இதையும் முழுங்கிச்சுக. பெரியவளுக்கு இன்னிக்கும் மறக்கல.

அப்போ, பெரிய முதலாளி செத்துப் போனாரு. மகன் வந்தாரு, சின்ன முதலாளி. நல்ல செவப்பு, நல்ல சட்டை. வந்த ஒடனே கரை மேல நடந்து பாத்தாரு. வெயிலு சுள்ளுன்னு அடிச்சுதாம். நெழல் வேணும்னு கரை நீளத்துக்கும் தென்னங்கன்னு வச்சாரு. காவக்காரரு தோப்பு வீட்டுக்குப் போயி, அய்யா, கரை மேல மரம் ஆகாதுன்னு சொன்னாரு. பாப்போம்னாரு.

அடுத்த வருசம் அணையில மீனு வளக்கணும்னாரு. மழையில மீனு வெளிய ஓடிரும்னு கலுங்கு வாயில பலகை அடிச்சு வலை கட்டுனாரு. காவக்காரரு மறுபடியும் போயி, அய்யா, கலுங்க அடைக்காதீங்கன்னாரு. பாப்போம்யா, பாப்போம்னாரு. அதோட விட்டாரா? கரைக்கு எதுக்குக் காவலு, அது என்ன எந்திரிச்சு ஓடிறப் போவுதான்னு கேட்டாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அன்னிக்கோட அவரு வேல போச்சு. ஆனா மனுசன் கரைய விட்டு எறங்கல. கரை முடியிற மேட்டுல ஒரு கொட்டாய் இருந்துச்சு, அங்கயே கெடந்தாரு. பாவம், அதுக்குள்ள கண்ணு ரெண்டுலயும் புரை விழுந்துருச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு நெழலாட்டம் தெரியும், அவ்ளோதான். காலு மட்டும் கரைய நடந்துக்கிட்டே இருந்துச்சு.

ம் கொட்டு. தூக்கம் வருதா? வந்தா தூங்கு, நான் நிறுத்திக்குறேன். வேணாமா? சரி.

அப்புறந்தான் அந்த ஊத்து வந்துச்சு. ஒரு நா காலையில பாத்தா, கரையோட அடியில, ஏழு வீட்டுக்கும் பக்கத்துல, சளசளன்னு தண்ணி. பளிங்காட்டம் தண்ணி. அந்தப் பொம்பளைகளுக்கு அது எப்பேர்ப்பட்ட சந்தோசம்னு ஒனக்கு எப்படிச் சொல்லுவேன்? அதுவரைக்கும் தண்ணி வேணும்னா கரை மேல ஏறி, அந்தப் பக்கம் எறங்கி, கொடத்த ரொப்பி, மறுபடி ஏறி, மறுபடி எறங்கணும். இடுப்பு விட்டுப் போகும். சின்னவ கல்யாணம் ஆகி மொத தடவ உண்டாயிருந்தப்போ, கொடத்தோட கரையில வழுக்கி விழுந்தா. வயித்துல இருந்தது தங்கல. ரெண்டு வருசம் அவ சிரிக்கவே இல்ல.

அப்போ வாசல்ல ஊத்து வந்தா விடுவாங்களா? மூங்கிலப் பொளந்து தண்ணி விழத் தூம்பு வச்சாங்க. பக்கத்துல ஒரு கல்ல நட்டு மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, வெள்ளிக்கெழம வெளக்குப் போட்டாங்க. மொத வெளக்குப் போட்டவ பெரியவதான். காவக்காரரு தட்டுத் தடுமாறி வந்து கையால தடவிப் பாத்தாரு. இது சாமி இல்லத்தா, கரையோட வேர்வைன்னாரு. மணலப் பரப்பி அது மேல சரளைக் கல்லப் போடணும், அப்போ தண்ணி வரும், மண்ணு வராதுன்னாரு. அதச் சொல்றதுக்கு மூணாவது தடவையா தோப்பு வீட்டுக்குப் போனாரு. கேட்டத் தொறக்கவே இல்ல. வெளியவே ஒரு பகலெல்லாம் ஒக்காந்திருந்துட்டு வந்தாரு.

வந்து பெரியவகிட்ட சொன்னாரு. அவ சின்னவளுக்குப் பக்கத்து வீட்டுலயே வாழ்ந்தவ, புருசன் விட்டுட்டுப் போனவ, புள்ள குட்டி இல்லாதவ. "எனக்குக் கண்ணு இல்ல. நீ தெனம் ஒரு சொம்பு ஊத்துத் தண்ணி கொண்டா. நான் வெரலால பாத்துக்குறேன்."

அதுல இருந்து தெனம் காலையில கஞ்சியோட ஒரு சொம்புத் தண்ணி. அவரு ரெண்டு வெரல உள்ள விட்டு, கட்டை வெரலால தேச்சுப் பாப்பாரு. நறநறன்னு இருந்தா மண்ணு. இருக்காது. சரித்தா, வேர்வைதான்னு சொல்லிட்டுக் கஞ்சியக் குடிப்பாரு. ஒரு வருசம் இப்படியே போச்சு. சின்னவளுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. ஊத்துத் தண்ணியிலதான் மொத தண்ணி ஊத்துனாங்க. என்னா அழகுங்குற, வாயத் தொறந்தா ஊரே கேக்கும், அப்படி ஒரு அழுகை.

அந்த வருசம் ஐப்பசி மழை பிடிச்சுது பாரு. விடல. சோ சோன்னு ஊத்துது. கலுங்கு வாயில பலகை, தண்ணி போக வழி இல்ல, அணை ஏறிக்கிட்டே போவுது.

மொத நா காலையில ஊத்துத் தண்ணி லேசா நெறம் மாறி வந்துச்சு. மழைத் தண்ணி கலந்திருக்கும்னு பெரியவ நெனச்சா. குடிக்கணும்ல, அதனால தேத்தாங்கொட்டைய கல்லுல ஒரசி கொடத்துல கலக்கி விட்டா. அரை மணி நேரத்துல மண்ணெல்லாம் அடியில போய்ப் படுத்துக்குச்சு. அந்தக் கொடத்துல இருந்துதான் அப்பனுக்குச் சொம்புல மோந்துக்கிட்டுப் போனா. அவரு தேச்சுப் பாத்தாரு. நல்லா இருக்குத்தான்னாரு. திரும்பி வர்ற வழியிலதான் அவளுக்கு ஒறைச்சுது, நாம தெளிய வச்ச தண்ணியில்ல குடுத்தோம்னு. நின்னா. திரும்பிப் போயி சொல்லியிருக்கலாம். நாலு எட்டுதான்.

ஏன் சொல்லலயா? இரு, சொல்றேன். சொன்னா அவரு சும்மா இருக்க மாட்டாரு. ஏழு வீட்டையும் மழையில கெளப்பி விடுவாரு. ஊரக் கூட்டி, தோப்புக்குத் தண்ணி விடுற மதகத் தொறக்க வச்சு அணைய வடிய விடுவாரு. ஊத்து நின்னு போகும். பச்ச ஒடம்புக்காரி சின்னவ மறுபடியும் கொடத்த எடுத்துக்கிட்டு எங்கெங்கயோ ஏறி எறங்கணும். அதெல்லாம் அவளுக்குக் கண்ணு முன்னால வந்துச்சு. நாளைக்குப் பாப்போம்னு வீட்டுக்கு வந்துட்டா. சின்ன முதலாளி சொன்ன அதே சொல்லு.

ரெண்டாவது நா தண்ணி பருப்புத் தண்ணியாட்டம் வந்துச்சு. ரெண்டு கொட்டைய ஒரசுனா. இந்தத் தடவ தெரிஞ்சேதான் தெளிய வச்சா. அப்பன் தேச்சுப் பாத்துட்டு, இம்புட்டு மழையிலயும் இப்படித் தெளிவா வருதான்னு கேட்டாரு. ஆமாப்பான்னா. நீ இருக்குற வரைக்கும் எனக்குக் கண்ணு இருக்குத்தான்னு அவ தலையத் தடவுனாரு.

மூணாவது நா செக்கச் செவேல்னு வந்துச்சு. தூம்பு பத்தல, வடக்கயிறு மொத்தத்துக்கு வந்துச்சு. அன்னிக்கு அவளுக்கு நெசமாவே பயம் வந்துருச்சு. ஆனா அன்னிக்குச் சொல்லணும்னா மொத ரெண்டு நாளையும் சேத்துல்ல சொல்லணும்? தலையத் தடவுன கைக்கு என்ன பதிலு சொல்றது? இருந்த கொட்டையெல்லாம் ஒரசுனா. கை நோக நோக ஒரசுனா. தெளிஞ்ச தண்ணியக் கொண்டு போயிக் குடுத்தா. அவரு கஞ்சியக் குடிச்சாரு.

ம்? ஏன் ம்முன்னு வேகமா கொட்டுற? பயமா இருக்கா? கிட்ட வா.

நாலாவது நா மழை விட்டுருச்சு. பளீர்னு வெயிலு. ஏழு வீட்டுலயும் துணி காயப் போட்டாங்க, புள்ளைக எல்லாம் வெளிய ஓடுதுக. சின்னவ மூணு நா அழுக்குத் துணிய மூட்டையாக் கட்டிக்கிட்டு வந்தா. அக்கா, புள்ளையக் கொஞ்சம் வச்சிரு, அலசிட்டு வந்துர்றேன்னா. சிரிச்ச மூஞ்சி. ஊத்து அன்னிக்குக் குபுக் குபுக்குன்னு துள்ளித் துள்ளி வருது. பெரியவ வீட்டுல தேத்தாங்கொட்டை தீந்து போச்சு. ஒண்ணு கூட இல்ல. புள்ளைய இடுப்புல வச்சா, சொம்ப நேரா ஊத்துலயே பிடிச்சா, மேட்டுக்கு நடந்தா. அங்க ஒக்காராதடி, என் கூட வாடின்னு தங்கச்சியக் கூப்புடல. அப்பன்கிட்ட சொல்லிட்டு வந்துருவோம், அவரே கூப்புடட்டும்னு நெனச்சா.

அவரு வெரல உள்ள விட்டாரு. தேச்சாரு. மறுபடியும் தேச்சாரு. "எத்தன நாளா?"

மூணு நாளான்னா.

திட்டல. அடிக்கல. சின்னவ எங்கன்னு மட்டும் கேட்டாரு. ஊத்துலப்பா, துணி தொவைக்கிறான்னா. அப்போ எந்திரிச்சாரு. புள்ளையோட இங்கயே நில்லு, எறங்குன, காலை ஒடிச்சிருவேன்னாரு. அவரு பொண்ணுகளப் பாத்து வாழ்க்கையிலயே சொன்ன ஒரே கடுஞ்சொல்லு அதுதான்.

கண்ணு தெரியாத மனுசன் அந்தச் சரிவுல எப்படி ஓடுனாரோ. காலுக்குத்தான் தெரியுமே. எந்திரிச்சு ஓடுங்க, கரை போவுது, மேட்டுக்கு ஓடுங்கன்னு கத்திக்கிட்டே போறாரு. அவரப் பாத்துச் சிரிச்சவங்க எல்லாம் அன்னிக்குச் சிரிக்கல. கையில கெடச்ச புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. ஏழு வீடும் காலி. ஒருத்தி மட்டும் கல்லுல தப்பு தப்புன்னு துணிய அடிச்சுக்கிட்டு இருக்கா. தண்ணி சத்தமும் துணி சத்தமும், அவளுக்குக் கேக்கல. அவரு அவளப் பாத்துப் போறாரு.

மேல இருந்து பாத்தா கரை அப்படியேதான் இருக்கு. தென்ன மரம் அப்படியே நிக்குது. அடியில மட்டும் கொடம் அளவுக்கு ஒரு ஓட்டை. அப்புறம் ஆள் அளவுக்கு ஒரு ஓட்டை. அப்புறம் வீடு அளவுக்கு. அப்புறம் மடமடன்னு.

அவரு சின்னவ கையப் பிடிச்சுட்டாரு. அது வரைக்கும் தெரிஞ்சுச்சு.

ம் கொட்டு.

சௌமியா?

தூங்கிட்டியா? தூங்கு. தூங்குனது நல்லதுதான். இனிமே சொல்றது ஒனக்கு இல்ல.

அவரு சின்னவ எங்கன்னு கேக்கல. பவுனு எங்கன்னு கேட்டாரு. ஒங்கம்மா பேரு சொல்லித்தான் கேட்டாரு. மேட்டுல புள்ளையோட நின்னவ நான்தான். என் இடுப்புல இருந்தது நீ. அம்மாவத் தண்ணி கொண்டு போச்சுன்னு ஒனக்குச் சொல்லியிருக்கேன். தண்ணி கொண்டு போகல. தண்ணி மூணு நா முன்னாடியே சொல்லுச்சு. சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் அது வாய மூடுனேன்.

அப்புறம் ஆபீசருங்க வந்தாங்க. டேப்பு வச்சு அளந்தாங்க. மரத்தோட வேர எழுதுனாங்க, கலுங்குப் பலகைய எழுதுனாங்க. சின்ன முதலாளி, இது காணாத மழை, நான் என்ன செய்யன்னாரு. ஊரு அவர ஏசுச்சு. ஏசட்டும், அவரு பண்ணுனதும் பாவந்தான். என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு ஒரு வருசம் பயந்தேன். அப்புறம் யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. எங்கப்பாதான் கேப்பாரு. கேக்க அவரு இல்ல.

அம்புட்டு நடந்தும் என்ன ஆச்சு? அதே எடத்துல கரையக் கட்டிட்டாங்க. மெசினு வந்து ஒரே மாசத்துல தள்ளிக் குமிச்சிருச்சு, முன்னதவிட ஒசரமா. மாடு மிதிக்கல, யாரும் மிதிக்கல. காவலும் வைக்கல. கலுங்குல மறுபடியும் வலை தொங்குது. நமக்கு இந்தக் குழி எடத்த விட்டா வேற எடம் இல்ல, அதே அடியில ஏழு வீடு. நான் போயி கேட்டுல நின்னேன், எங்கப்பா மாதிரியே. பாப்போம்னு ஆள விட்டுச் சொல்லி அனுப்புனாரு. தங்கச்சியப் பறி குடுத்ததுல புத்தி பெரண்டு போச்சுன்னு ஊருல பேசிக்குறாங்க.

போன மாசம் மறுபடியும் கசிஞ்சிருச்சு சாமி. அதே எடந்தான். பக்கத்து வீட்டுக்காரி நேத்து கல்லு நட்டு மஞ்சப் பூசிட்டா. நீ கொட்டை பொறுக்கிக்கிட்டு வந்தது அவ வீட்டு வாசல்ல. கலங்குனா மறைக்கிற கொட்டை நம்ம வீட்டுல வேணாம்னுதான் வீசுனேன். நான் காலையில காலையில போயி வெரல விட்டுத் தேச்சுத் தேச்சுப் பாக்குறேன். இன்னிக்கு வரைக்கும் தெளிஞ்சுதான் வருது. என்னிக்கு மாறும்னு தெரியல. மாறுனா நான் கத்துவேன். பைத்தியக்காரி கத்துறான்னு இவங்க படுத்தே கெடப்பாங்க. எங்கப்பா கத்துனா ஓடுனாங்க. நான் கத்துனா யாரு ஓடுவா?

ம்?

என்னது? நீயா ம் கொட்டுன?

முழிச்சுக்கிட்டா இருக்க? எது வரைக்கும் கேட்ட?

ஏய். சொல்லுடி. எத்தன நேரமா முழிச்சிருக்க?

...சரி. சொல்ல வேணாம். அங்கிட்டே திரும்பிப் படுத்துக்க. பெரியம்மா தொடல. கைய எடுத்துட்டேன் பாரு. போர்வைய மட்டும் இழுத்து விடுறேன், குளிரும். கதை தீந்துருச்சு, கண்ண மூடு. விடிஞ்சதும் நான் போயி தண்ணியப் பாத்துட்டு வந்து எழுப்புறேன், அது வரைக்கும் தூங்கு.